வெள்ளிக்கிழமை மியூசியம் பக்கம் போகாதீங்க!

"மெட்ராஸ்ல என்ன சார் இருக்கு? பீச் இருக்கு. தி.நகர் இருக்கு. அவ்வளவுதான்!"

வெளியூர் விருந்தாளி கேட்டால் நம்மில் பலர் சொல்கிற பதில் இதுதான். நானும் அப்படிச் சொன்னவன்தான். போன மாதம் அதற்குத் தண்டனை கிடைத்தது.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து என் சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கு வந்தார். வயது 76. வியாழக்கிழமை முகூர்த்தம் முடிந்தது. வெள்ளி ராத்திரி ஊருக்கு ரயில். நடுவில் ஒரே ஒரு பகல்.

"பீச்சுக்குப் போவோமா, சித்தப்பா?" என்றேன்.

"கடல் நம்ம ஊர்ப் பக்கமும் இருக்குலே. ஆதிச்சநல்லூர்ல எடுத்த சாமானெல்லாம் எழும்பூர்லதான வச்சிருக்கு? அதப் பாக்கணும்" என்றார்.

உண்மைதான். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கே தோண்டினார். முதுமக்கள் தாழி, இரும்பு வாள், வெண்கலச் சாமான், தங்கப் பட்டம் என்று ஏராளமாகக் கிடைத்தன. அவை எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன.

ஆட்டோ பிடித்துப் போனோம். கேட் பூட்டியிருந்தது! வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு வார விடுமுறை.

இது ரகசியம் அல்ல. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. 30 வருஷமாக அந்த வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். ஒரு நாளாவது உள்ளே நுழைந்திருந்தால்தானே தெரியும்?

சித்தப்பா கம்பி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். "விடுலே, அடுத்த தடவ பாத்துக்கிடுவோம்" என்றார்.

76 வயதில் அடுத்த தடவை!

கிழமை பார்த்துக் கிளம்புங்க!

கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிதான் லீவு. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய். மயிலை கபாலீசுவரர் கோயில் நடை மதியம் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். இரண்டு நாள் லீவில் வருகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

செல்போனில் பார்க்கலாமே என்பீர்கள். சித்தப்பாவிடம் இருப்பது பட்டன் போன். என்னிடம் பெரிய போன் இருந்தது. பார்க்கத் தோணலையே!

சென்ட்ரல், எழும்பூர், கிளாம்பாக்கம் பஸ் நிலையம்... இறங்குகிறவர் கண்ணில் படுகிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைக்கட்டும். இடத்தின் பெயர், லீவு நாள், போகிற பஸ் நம்பர். இது போதும். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

முதலில் நாம் பார்த்தோமா?

போர்டு மட்டும் போதாது. ஊர்க்காரன் நாமே பார்க்காத ஊரை விருந்தாளிக்கு எப்படிக் காட்டுவது?

எழும்பூர் மியூசியம் 1851-ல் தொடங்கியது. திருவாலங்காடு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். அமராவதிச் சிற்பங்களும் அங்கேதான். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச் 1680-ல் திறக்கப்பட்டது. ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்தது அந்தச் சர்ச்சில்தான். பீச் ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஓடுகிறோமே, அங்கிருந்து கோட்டை எவ்வளவு தூரம்? எத்தனை பேர் போயிருக்கிறோம்?

நான் என் தப்பைத் திருத்திக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போனேன். ஆதிச்சநல்லூர்ச் சாமான்களைப் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

கடைசியில், "வாளு எவ்ளோ நீளம்லே இருந்துச்சு?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு ஞாயிறு போக வேண்டும். நீங்களும் வாங்களேன்!