"பரிசீலனையில் உள்ளது" என்பது ஒரு பதிலா?



வங்கி கழித்த வரியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். விசாரித்தால் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கிறது. அதைக் கேட்டதும் சிலர் "அரசாங்கத்துக்குப் போன காசு திரும்பி வராது" என்று கைவிடுகிறார்கள். வேறு சிலர் "நம்மிடம் ஏதோ பிழை பிடித்துவிட்டார்கள், பேசாமல் இருப்போம்" என்று பயப்படுகிறார்கள். இந்த இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வைப்புப் பணத்துக்குக் கிடைக்கும் வருமானத்தில் கழிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. வட்டியானாலும், இஸ்லாமிய வங்கிப் பிரிவுகள் தரும் இலாபப் பங்கானாலும் இதே கதைதான். அதே நாளிலிருந்து தனிநபர் வரி விலக்கு எல்லை ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. வெளிநாட்டில் உழைத்து வந்த ஒரு ராத்தா 30 இலட்சத்தை வைப்பில் போட்டு 8 வீதம் பெறுகிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 240,000 ரூபா. அதில் வங்கி 24,000 ரூபாவைக் கழித்துவிடும். வேறு வருமானம் இல்லாவிட்டால் அவர் ஒரு சதமும் வரி கட்டத் தேவையில்லை. அந்த 24,000 ரூபா அவருடைய ஹக்கு. மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் உதவும் காசு.

அப்படியென்றால் ஏன் தாமதம்? நீங்கள் கேட்கும் தொகையை, வங்கி இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிய விபரத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வங்கியில் உங்கள் டின் இலக்கம் இல்லாவிட்டால், அல்லது ஓரிடத்தில் பழைய அடையாள அட்டை இலக்கமும் இன்னோரிடத்தில் 12 இலக்கப் புதியதும் இருந்தால், கணக்கு பொருந்தாமல் போகலாம். கூட்டுக் கணக்கின் முழு வரியையும் ஒருவரே கேட்டாலும் கேள்வி வரும். வீட்டு வாடகையையோ இரண்டாவது வங்கியின் வருமானத்தையோ காட்டாமல் விட்டாலும் வரும். பழைய வரி நிலுவை இருந்தால் முதலில் அதில் கழித்துக்கொள்வார்கள்.

வினாத்தாளில் கூட்டுத்தொகை இடித்தால் நாங்கள் திரும்ப எண்ணிப் பார்க்கிறோம். பிள்ளை பார்த்து எழுதியது என்று அதற்கு அர்த்தமில்லை. மீளாய்வும் அப்படித்தான், அதைக் குற்றச்சாட்டாக எடுக்க வேண்டாம். ஆனால் எந்த வினாவில் புள்ளி இடிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்வது ஆசிரியரின் கடமை. எந்த ஆவணம் பொருந்தவில்லை, எதைக் கொண்டுவர வேண்டும் என்று விண்ணப்பதாரிக்குச் சொல்வதும் அலுவலகத்தின் கடமை. அதையும் நமக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். சரிபார்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. காரணம் சொல்லாமல் வயதானவர்களை அலைக்கழிப்பதைத்தான் ஏற்க முடியாது.

ஆகவே சும்மா காத்திருக்காதீர்கள். வங்கியில் வரிக் கழிப்புச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள பெயர், டின் இலக்கம், தொகை ஆகியவற்றை உங்கள் விண்ணப்பத்துடன் ஒப்பிடுங்கள். 1944 இலக்கத்துக்கு அழைத்து, எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். பிறகு அதையே எழுத்தில் கேளுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை நமக்குண்டு. அதற்கும் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் பிரதி வைத்திருங்கள்.

இதையெல்லாம் விட இலேசான வழி, வரியைக் கழிக்கவே விடாமல் இருப்பது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் டின் இலக்கத்துடன் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுக்கலாம். இரண்டு வங்கியில் பணம் இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால், அந்த மாதமே கொடுப்பது நல்லது.

படித்த தம்பி தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். டின் எடுப்பதும் படிவம் நிரப்புவதும் உங்களுக்கு அரை மணி நேர வேலை. உங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு மூத்தவருக்காவது இந்த வாரம் செய்து கொடுங்கள். 24,000 ரூபா அவருக்குச் சின்னக் காசு அல்ல.