தங்கம் அஞ்சு, வெள்ளி ஒண்ணு

மிஹைன் லோபஸ். கியூபாவின் கிரேக்க-ரோமன் மல்யுத்த வீரர். 2008 பெய்ஜிங் தொடங்கி 2024 பாரிஸ் வரை தொடர்ந்து அஞ்சு ஒலிம்பிக் தங்கம்! ஒரே தனிநபர் போட்டியில் அதுக்கு முன்னாடி யாருமே செய்யாதது. கடைசித் தங்கம் வாங்கறப்போ வயசு 41. ஷூவைக் கழட்டிக் களத்துலயே வச்சிட்டு விடைபெற்றார்.

எல்லாரும் அந்த ஷூவைப் பத்தியே பேசினோம். ஃபைனல்ல 0-6ன்னு தோத்த யாஸ்மானி அகோஸ்டாவைப் பத்தியும் பேசணும் மக்களே. அவரும் கியூபாவில் பிறந்தவர்தான். ஒலிம்பிக்ல ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருத்தர்தான் போக முடியும். லோபஸ் இருக்கறவரை இவருக்கு ஏது இடம்? 2015ல் சிலிக்குப் போட்டிக்குப் போனவர் அங்கேயே தங்கிட்டார். ஒன்பது வருஷம் கழிச்சு ஒலிம்பிக் ஃபைனல் வந்தா, எதிரில் நிக்கறது அதே லோபஸ்!

சிலிக்கு வெள்ளி கிடைச்சது. லோபஸோட தங்கத்தின் எடை தெரியணும்னா அந்த வெள்ளியையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும் என்பது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?