பம்பு மாற்றும் படலம்

என் நண்பர் ஒருவரிடம் ஒரு கார் இருக்கிறது. 2004-ஆம் வருஷத்து வண்டி. பார்வைக்குச் சாதுவான நாலு கதவுக் கார்தான். ஆனால் என்ஜினுக்குள் டர்போ இருக்கிறது. மிதித்தால் சீறிக்கொண்டு போகும். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இருபது வருஷம் இரவு பகலாய் உழைத்த ஒரு பம்பு ஓய்ந்து போனால், அதற்குக் கம்பெனியைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆம், ஓய்ந்தது பெட்ரோல் பம்புதான். ஒரு சித்திரை மாத மத்தியானம் மதுராந்தகத்தைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமியது. பிறகு இழுக்க மறுத்தது. அப்புறம் நின்றே விட்டது. அரை மணி நேரம் புளிய மரத்தடியில் ஆறப் போட்டதும், ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியது! சாகப் போகிற பம்பின் முதல் அடையாளம் இதுதான். சூட்டில் படுத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்து உட்காரும். பின் ஸீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய முனகல் கேட்பது இரண்டாவது அடையாளம். அந்த முனகல் ஆறு மாதமாகவே கேட்டுக்கொண்டிருந்ததாம். நண்பர் ரேடியோவைச் சற்று உரக்க வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

அந்தக் காலத்து அம்பாஸிடர்காரர்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கண்ணுக்கு நேரே நடந்தது. பம்பு என்ஜினின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு சவ்வு. என்ஜின் சுற்றச் சுற்ற அது மேலும் கீழும் அடித்துப் பெட்ரோலை இழுக்கும். கோடையில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்று விட்டால், பானட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றுவார்கள். சற்றுப் பொறுத்துக் கிளம்புவார்கள். அதற்கு மெக்கானிக்கே வேண்டியதில்லை.

இன்றைய கார்களில் பம்பு டாங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. மின்சாரத்தில் ஓடுகிறது. டயருக்கு 32 என்று காற்று அடிக்கிறோமே, அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தப் பம்பு பெட்ரோலை 45, 50 என்று அழுத்தித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது அதன் மோட்டார் சுடுகிறது. அந்தச் சூட்டை ஆற்றுவது எது என்று நினைக்கிறீர்கள்? அது தள்ளுகிற பெட்ரோலேதான். எப்போது பார்த்தாலும் ரிஸர்விலேயே ஓட்டுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். பெட்ரோல் விற்கிற விலையில் டாங்கை நிரப்பச் சொல்கிறாயே என்று என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். கால் டாங்குக்குக் கீழே போக விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நிற்க. நண்பர் முதலில் போன ஷெட்டில் பத்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லி விட்டார்கள்: "பம்பு போயிடுச்சு ஸார், மாத்திடலாம்." மாற்றினார்கள். வண்டி ஓடியது. நாலே மாதத்தில் மறுபடியும் அதே இருமல், அதே முனகல். மறுபடியும் அதே தீர்ப்பு: "இந்தப் பம்பும் போயிடுச்சு ஸார்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சாமான் போய் விட்டது என்று சொல்ல யாராலும் முடியும். அது எதனால் போயிற்று என்று கேட்பதற்கு அல்லவா மெக்கானிக்? வயிற்று வலி என்று போனவனுக்கு முதல் நாளே வயிற்றைக் கிழிக்கும் வைத்தியரை நாம் சும்மா விடுவோமா? காரை மட்டும் ஏன் விட்டு விடுகிறோம்?

இரண்டாவது தீர்ப்பைக் கேட்டு மிரண்டு போன நண்பர், ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு ஸ்பேர் கடைக்காரர் ஒருவர் சொன்னபடி, ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு போனார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பாய் ஸ்பானரைத் தொடவே இல்லை. முதலில் சாவியைத் திருப்பச் சொல்லிப் பின் ஸீட்டில் காதை வைத்துக் கேட்டார். பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினார். 45 காட்ட வேண்டிய இடத்தில் முள் 30-ல் நின்றது. அடுத்து வோல்ட் மீட்டரை எடுத்தார். என்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13.8. பம்பின் முனையில் 10.4.

"பார்த்தீங்களா ஸார், மூணு வோல்ட் வழியிலேயே காணாமப் போயிடுது. பம்பு பட்டினி கெடக்குது. பட்டினி கெடக்கறவனைச் சோம்பேறின்னு அடிச்சா என்ன அர்த்தம்?" என்றார்.

ஸீட்டைக் கழற்றி ஒயரின் முனையைக் காட்டினார். பிளக்கின் பிளாஸ்டிக் கருகிப் போயிருந்தது. முதல் பம்பு தேய்ந்து சாகிற காலத்தில் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்து, அந்த முனையைச் சுட்டுத் தீய்த்திருக்கிறது. புதுப் பம்பை அதே கருகின முனையில்தான் முதல் ஷெட்காரர்கள் மாட்டியிருக்கிறார்கள். பாய் தனியாக ஒரு ஒயர் போட்டு நேரே கரெண்ட் கொடுத்தார். முள் 30-லிருந்து 38-க்கு ஏறியது. ஆனால் 45-ஐத் தொடவில்லை. "இன்னும் ஏதோ இருக்கு," என்று சொல்லி அதன் பிறகுதான் டாங்கைத் திறக்கத் தயாரானார்.

டாங்கைத் திறப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் ஷெட்டில் அதை நான் பார்த்திருக்கிறேன். டாங்கு வாய் திறந்து கிடக்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே கம்பி வலைகூட இல்லாத ஒரு குண்டு பல்ப் எரிகிறது. பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன், மூடியின் வளையத்தை இரும்பு ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறான். நான் பதறிப் போய்ச் சொன்னதற்கு, "பழக்கம் ஸார்" என்று சிரித்தான். பெட்ரோலுக்குப் பழக்கம் தெரியாது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடுகிற திரவம் அது. சென்னை வெயிலில் கேட்கவும் வேண்டுமா! அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து மூலைக்கு மூலை தேங்கி நிற்கும். பத்தடி தள்ளி ஒருவன் பீடி பற்ற வைத்தால் போதும்.

பாய் என்ன செய்தார்? டாங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். (ஓட்டும்போது நிறைய இருக்க வேண்டும், திறக்கும்போது குறைய இருக்க வேண்டும்!) பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி விட்டு என்ஜினை ஓட விட்டார். குழாயில் இருந்த பெட்ரோல் தீர்ந்து அது தானே நின்றது. குழாயைக் கழற்றினால் முகத்தில் பீச்சி அடிக்காது. பிறகு பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். நாலு கதவையும் திறந்து வைத்தார். தீயணைக்கும் சிலிண்டரைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். வளையத்தை மரக் கட்டை வைத்துத் தட்டித் திருப்பினார். இவ்வளவுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்கூட அதிகம் ஆகவில்லை. அந்தக் கால் மணியைத்தான் மற்ற ஷெட்கள் மிச்சம் பிடிக்கின்றன.

பம்பை வெளியே தூக்கியதும் விஷயம் விளங்கி விட்டது. அடியில் இருக்கும் சல்லடை முழுவதும் காவி நிறத்தில் சேறு. இருபது வருஷத்துத் துருவும் தூசியும் டாங்கின் அடியில் படிந்திருக்கிறது. பம்பை மாற்றினவர்கள் டாங்கைத் துடைக்கவில்லை. போதாக்குறைக்கு, மாட்டியிருந்தது ஒரு சிறிய காரின் பம்பு. அளவில் பொருந்துகிறதே என்று போட்டு விட்டார்கள்.

சாதாரணக் காரில் இது வெறும் தொந்தரவு. டர்போ வண்டியில் இது ஆபத்து. முழு வேகத்தில் காற்றை அமுக்கித் திணிக்கும் என்ஜினுக்கு அதற்கேற்ற பெட்ரோல் வந்தாக வேண்டும். காற்று வந்து பெட்ரோல் வராவிட்டால் உள்ளே வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி என்ஜின் தட்டும்; கடைசியில் பிஸ்டனே ஓட்டையாகும். சில ஆயிரத்தை மிச்சம் பிடித்து என்ஜினையே கொளுத்துகிற கணக்கு இது.

பழைய வண்டியை ஏன் கட்டி அழ வேண்டும், விற்றுத் தொலைக்கலாமே என்பார்கள். புது வண்டிக்காரர்களுக்கு மட்டும் பம்பு அமரத்துவம் பெற்றதா என்ன? உள்ளே சுழலும் இறக்கையில் கோளாறு என்று ஹோண்டா கம்பெனி 2020-ல் நம் நாட்டில் 65,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திருப்பி அழைத்துப் பம்பை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. புது வண்டிக்குக் கேட்க நாதி உண்டு, பழசுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மறைமலை நகரில் 1999 முதல் ஐகான் காரைச் செய்த ஃபோர்டு, 2022-ல் அங்கே உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. திருவள்ளூர் பக்கம் உருவான லான்ஸர் கார்களின் கதையும் ஏறக்குறைய அதுவே. நம் வாசற்படியில் பிறந்த கார்களுக்கே ஸ்பேர் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவே எத்தனால் வேறு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் வந்தது. 2025-க்குள் நாடெங்கும் பரவி விட்டது. சர்க்காரின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கரும்பு விவசாயிக்கும் நாலு காசு கிடைக்கட்டும். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பரை ஊற வைக்கும். டாங்கில் படிந்த அழுக்கைக் கிளப்பி விடும். சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட மனுவை அந்த வருஷம் செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. சரி, வேறு பெட்ரோல் கிடையாது என்றே வைத்துக்கொள்வோம். எந்தப் பழைய வண்டியில் எந்த ரப்பரை மாற்ற வேண்டும் என்று கம்பெனிகள் தமிழில் ஒரு பட்டியலாவது போடக் கூடாதா? பாய் அதைக் கண்டுபிடித்தது தன் கைக் காசைச் செலவழித்துத்தான்.

பாய் டாங்கைத் துடைத்து, ஒயர் முனையைப் புதிதாகப் போட்டு, வண்டிக்கு உரிய பம்பையே வரவழைத்து மாட்டினார். பழைய ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருந்தது. அதைத் தூக்கி எறிந்து விட்டுப் புதிது போட்டார். என்ஜினைக் கிளப்பும் முன் சாவியை நாலைந்து முறை திருப்பித் திருப்பி நிறுத்தினார். குழாய் நிரம்பியது. மீட்டர் முள் 45-ல் போய் அசையாமல் நின்றது. அதன் பிறகும் அரை மணி நேரம் ஸீட்டை மாட்டாமல், கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பில்லைப் பார்த்து நண்பர் முகம் சுளித்தார். முதல் ஷெட்டுக்கு அழுததையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இரண்டு பம்பின் விலை. போன வாரம் இருவரும் அதே வண்டியில் திண்டிவனம் போய் வந்தோம். ரேடியோ போடவில்லை. திரும்பும் வழியில் முள் கால் டாங்குக்கு வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் நண்பர் வண்டியைப் பங்குக்குத் திருப்பினார்.