ரேடியேட்டரை நம்பி கியர்பாக்ஸை விடலாமா?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் பலர் பின்னால் படகோ டிரெய்லரோ கட்டி இழுப்பார்கள். மேட்டில் இழுக்கும்போது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டர் வழுக்கி எண்ணெயைக் காய்ச்சிவிடும். அதை ஆற்றப் பல வண்டிகளில் இருப்பது ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு குட்டிக் கூலர். இன்ஜின் சூடாக்கிய தண்ணீரை வைத்து எண்ணெயை ஆற்றினால் எவ்வளவுதான் ஆறும்?

இதைவிடப் பெரிய வில்லங்கம் நிசான் ஃபிரான்டியரில் வந்தது. 2005 முதல் 2010 வரையிலான மாடல்கள் பலவற்றில் இந்தக் குட்டிக் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட்டும் எண்ணெயும் கலந்துவிட்டன. பார்க்க ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி! அப்புறம் கியர்பாக்ஸ் காலி. விவரம் தெரிந்தவர்கள் ரேடியேட்டர் வழியை விட்டுவிட்டு எண்ணெயைத் தனிக் கூலருக்குத் திருப்பினார்கள். சரியான முடிவு. கூலருக்குச் சில நூறு டாலர், கியர்பாக்ஸுக்குச் சில ஆயிரம்... காமர்ஸ் படிக்காதவருக்கும் புரியும் கணக்கு :-)

கூலரை முன்னால் ஏசி கண்டென்சருக்கு எதிரே வைப்பதுதான் வழக்கம். இடமில்லையா? சேஸிஸ் ஓரமாக, சொந்த ஃபேனோடு மாட்டும் ரிமோட் வகை இருக்கிறது. ஆனால் ஃபேன் நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டரும் சேர்த்து வாங்குவதே நல்லது. கடுங்குளிர் ஊர் என்றால் தெர்மோஸ்டாட் வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் ஜனவரி மாதத்தில் எண்ணெய் சூடேறவே ரொம்ப நேரம் பிடிக்கும்.