புதிய ரௌட்டரும் பழைய கருவிகளும்

ஒரு வீட்டிற்குள் புதிய பொருளொன்று வந்து சேர்ந்ததும், அதுகாறும் அங்கு ஒழுங்காய் உழைத்து வந்த பொருள்களெல்லாம் ஒரே நாளில் பயனற்றவை எனப் பெயர் பெறுதலை நாம் காண்கின்றோம். அப்பெயரைச் சூட்டுவோர் பெரும்பாலும் அப்பொருள்களைத் தொட்டும் பாராதவர். இங்ஙனம் யான் கூறுவது மிகையெனக் கருதும் அன்பர்கள், சென்ற கோடை விடுமுறையில் விழுப்புரத்தில் என் மாமா இல்லத்தில் நிகழ்ந்ததைச் சற்றே செவிமடுப்பாராக.

மாமா நெல் வாணிபம் செய்பவர். வீட்டின் முன்னறையே அவர்தம் அலுவலகம். கண்ணாடியிழை வழியே வரும் விரைவான இணைய இணைப்பொன்றை அவர் புதிதாகப் பெற்றார். இணைப்புத் தர வந்த இளைஞர் பழைய ரௌட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதைச் சுவரிற் பொருத்தினார். தம் கைப்பேசியில் ஒரு காட்சியை ஓடவிட்டு அதன் விரைவைக் காட்டினார். பணமும் கையொப்பமும் பெற்றுச் சென்றார். ரௌட்டரைத் திசைவி என்று மொழிபெயர்த்து வழங்குவாரும் உளர். நல்ல சொல்லே. ஆயினும் எங்கள் வீட்டில் எவரும் அதனை அவ்வாறு அழைக்க யான் கேட்டிலேன். ஆதலின் ஈண்டும் ரௌட்டர் என்றே எழுதுகின்றேன்.

தொல்லை மாலையில் தொடங்கிற்று. ரசீது அச்சிடும் பிரிண்டர் ஊமையாய் நின்றது. மாமன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் அரசினரிடமிருந்து பெற்ற மடிக்கணினியில் அண்டை வீட்டார் வைஃபைகளின் பெயர்கள் அனைத்தும் தோன்றின. சொந்த வீட்டின் பெயர் மட்டும் தோன்றவில்லை. அத்தையின் பழைய டேப்லெட்டிலோ பெயர் தோன்றியது. கடவுச்சொல்லை எத்துணை முறை சரியாக எழுதினும் அது ஏற்க மறுத்தது. மாமா அவ்விளைஞரைத் தொலைபேசியில் அழைத்தார். “அவையெல்லாம் பழைய சரக்கு, சார், புதிய ரௌட்டருக்கு ஒத்துவரமாட்டா, மாற்றிவிடுங்கள்” என்ற விடை வந்தது. மறுநாட் காலை மாமா புதிய பிரிண்டர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். நல்ல நிலையிலிருந்த பழையது பரண்மேல் ஏறிற்று. அன்று யானும் அவ்விடையை உண்மையெனவே நம்பினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

பத்து நாட்கள் கழித்துத் திண்டிவனத்தில் என் பெரியப்பா இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அங்கும் புதிய ரௌட்டர் வந்திருந்தது. கிணற்று மோட்டாரைக் கைப்பேசியாலேயே இயக்குதற்கென வாங்கிய வைஃபை சுவிட்ச் அன்றுதொட்டு வேலை செய்யாதிருந்தது. பெரியப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். “நேற்றுவரை ஓடிய பொருள் இன்றைக்கு எப்படிக் கெட்டது? நீ கல்லூரியில் படிக்கிறாயே, காரணத்தைக் கண்டு சொல்” என்று பணித்துவிட்டு, நாற்காலியொன்றை ரௌட்டருக்கு எதிரே போட்டார். தப்ப வழியில்லை. மின்னணுவியல் பயிலும் நண்பர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அமர்ந்தேன். அப்பிற்பகலில் யாங்கள் அறிந்தவற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

வைஃபை எனும் கம்பியில்லாத் தொடர்பிற்குரிய 802.11 என்னும் விதித்தொகுதியை ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்பின் 1999, 2003, 2009, 2013, 2021 ஆகிய ஆண்டுகளில் மேன்மேலும் விரைவான முறைகள் சேர்க்கப்பெற்றன. இவற்றுள் நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. புதிய முறையில் இயங்கும் ரௌட்டர், அதே அலைவரிசையில் இயங்கும் முந்தைய கருவிகளோடும் உரையாட வல்லதாகவே வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே, “ஒத்துவரமாட்டா” என்னும் சொல் அவ்விதித்தொகுதியின் கருத்திற்கே மாறானதாம். கதவு உண்டு, தாழிடப்பட்டுள்ளது, அவ்வளவே.

அத்தாழ்கள் யாவை? முதலாவது அலைவரிசை பற்றியது. ரௌட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு வரிசைகளிற் பேசும். நம் நாட்டில் 2.4 வரிசை 2005-ஆம் ஆண்டில் உரிமச் சீட்டு வேண்டாததாக விடுவிக்கப்பட்டது. 5 வரிசையின் பெரும்பகுதி 2018-ஆம் ஆண்டிலேயே அங்ஙனம் விரிவாகத் திறக்கப்பட்டது. விலை குறைந்த பழைய கருவிகள் பல 2.4 வரிசையை மட்டுமே அறியும். புதிய ரௌட்டர்களோ இரு வரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டிக் கலந்து வைக்கின்றன. பெரியப்பாவின் சுவிட்சை அமைக்கும்போது அவர்தம் கைப்பேசி 5-இல் நின்றது, சுவிட்ச் 2.4-இல் தேடிற்று, ஒன்றையொன்று காணவில்லை. ரௌட்டரின் அடியில் அச்சிட்டிருந்த எண்முகவரியைக் கணினியில் எழுதி உட்புகுந்து, இரு வரிசைகளையும் பிரித்து, 2.4-க்குத் தனிப்பெயர் இட்டோம். கைப்பேசியையும் அப்பெயரிற் சேர்த்தபின், சுவிட்ச் இரண்டே நிமிடங்களில் இணைந்தது. கிணற்றடியில் மோட்டார் உறுமிய ஒலியைக் கேட்டுப் பெரியப்பா, பழைய மாணவனுக்கு மதிப்பெண் இடுவார்போல் தலையசைத்தார். 2.4-இன் அலை நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5-இன் அலை அதனிற் பாதிக்கும் குறைவு. நீண்ட அலையே சுவர்களை எளிதிற் கடக்கும். திண்டிவனத்துப் பழைய வீடுகளின் தடித்த செங்கற் சுவர்களுக்குப் பின்னுள்ள கிணற்றடிக்கு, 5 இருந்தும் பயனில்லை.

இரண்டாவது தாழ் மறைக்குறியீடு பற்றியது. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் காப்புமுறைக்கு அடுத்ததாக, 2018-இல் டபிள்யூ.பி.ஏ. 3 அறிவிக்கப்பட்டது. புதிய ரௌட்டரைப் பின்னதில் மட்டும் நிறுத்திவிட்டால், அதனை அறியாத பழைய டேப்லெட் சரியான கடவுச்சொல்லையும் தவறென்றே கொள்ளும். அத்தையின் கருவிக்கு நேர்ந்தது இதுவே. பழைய பிரிண்டர்களில் ஒரு பொத்தானை அழுத்தியே இணைக்கும் வழியுண்டு, டபிள்யூ.பி.ஏ. 3-இல் அவ்வழியும் அடைபட்டுப்போம். இரண்டும் கலந்த முறையைத் தெரிவு செய்தல் பெரும்பாலும் போதும். அதற்கும் இணங்காத கருவி இருப்பின், 2.4 வரிசையை மட்டும் டபிள்யூ.பி.ஏ. 2-இல் வைத்தல் வேண்டும். பட்டியலிற் பெயரே தோன்றாத மடிக்கணினிக்குக் காரணம் வேறு. 2021-ஆம் ஆண்டு முறையிலான அறிவிப்புகளைச் சில பழைய வைஃபை அட்டைகளின் மென்பொருள் புரிந்துகொள்ளாது கைவிட்டுவிடும். அம்மென்பொருளைப் புதுப்பித்தலோ, 2.4 வரிசையில் அப்புது முறையை நிறுத்திவைத்தலோ மருந்தாகும்.

இவை எல்லாவற்றிற்கும் முன் செய்யத்தக்க எளிய செயலொன்று உண்டு. அதனைச் சொல்வார் மிகச் சிலர். பழைய ரௌட்டருக்கிருந்த வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும், எழுத்தும் மாறாமல், புதியதற்கும் இடுதலே அது. திரையில்லாத பிரிண்டருக்குப் புதுப்பெயரை யார் கற்பிப்பது? பெயர் மாறாவிடின், காப்புமுறையும் பொருந்துமாயின், அது தானே வந்து சேரும்.

விழுப்புரத்தார்க்கு இதனை இருப்புப்பாதையைக் கொண்டு விளக்கலாம். இங்கிருந்து மயிலாடுதுறைக்கு ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை இருந்தது. அது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2010-இல் திறக்கப்படுங்காறும், பயணிகள் ஆண்டுக்கணக்கிற் பேருந்துகளிற் காத்துக்கிடந்தனர். அகன்ற தண்டவாளத்தின்மீது பழைய வண்டி ஓடாது. அஃது இரும்பின் இயல்பு, எவரையும் நோவதற்கில்லை. ரௌட்டரோ ஒரே பெட்டிக்குள் இருவகைப் பாதைகளையும் சுமந்து வருவது. ஒன்றை மூடி வைத்துவிட்டுப் பழைய வண்டிகளைக் குப்பையில் எறியச் சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?

புதிய காப்புமுறைகள் வீணாக ஏற்பட்டனவல்ல என்று எதிர்வாதம் கூறுவர். அது மெய்யே. தொடக்கத்தில் வழங்கிய வெப் என்னும் காப்புமுறையை எளிதில் உடைக்கலாமென்று 2001-லேயே ஆராய்ச்சியாளர் காட்டிவிட்டனர். அம்முறையை மட்டுமே அறிந்த கருவி எவரிடமேனும் இருப்பின், அதன்பொருட்டு வீட்டின் கதவைத் திறந்துவைத்தல் பேதைமை. அதனை மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பித்தலே தக்கது. 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் அத்தகைய கழிவின் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே சுமத்துகின்றன. மேலும், மெதுவான கருவி தன் பங்கிற்கு மேலாக நேரம் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் காக்க வைக்கும் என்பதும் உண்மை. புதிய கைப்பேசிகளை 5-இலும் பழையவற்றை 2.4-இலும் வைத்தால் அத்தொல்லை பெரிதும் தீரும். மென்பொருட் புதுப்பிப்பு நின்றுபோன கருவிகளை விருந்தினர்க்கெனப் பிரித்த வைஃபையில் வைத்தல் நலம். ஆனால் பிரிண்டரை அங்கு வைத்தலாகாது; விருந்தினர் வைஃபை பெரும்பாலும் பிற கருவிகளோடு பேசவிடாது, ஆதலின் அச்சிட இயலாது போம்.

என் வேண்டுகோள் இணைப்புத் தருவோரை நோக்கியது. வீட்டிற்கு வருகின்ற இளைஞரைப் பழித்துப் பயனில்லை. அவர் ஒரே நாளிற் பல வீடுகளின் படியேறுபவர். அவரை அனுப்புவோர், “இவ்வீட்டில் முன்னரே வைஃபையால் இயங்குவன எவை?” என்னும் ஒரு கேள்வியைக் கேட்டு, அவை யாவும் இணைந்ததைக் கண்ட பின்னரே கையொப்பம் பெறுமாறு பணித்தல் வேண்டும். கால்மணி நேரம் மிகுதியாகச் செலவாகும். மேற்கூறிய அமைப்புகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு ரௌட்டருடன் தருதலும் பெருஞ்செலவன்று. இன்று அப்பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலத் தாளை எங்கள் அத்தை, பிரித்த அன்றே, மசாலா டப்பாவின் அடியில் விரித்துவிட்டார். யான் அவரைக் குறைகூறேன்.

விடுமுறை முடியுமுன் மீண்டும் விழுப்புரம் சென்றேன். பரணிலிருந்து பிரிண்டரை இறக்கித் துடைத்து, புதிய ரௌட்டருக்குப் பழைய பெயரைச் சூட்டி, காப்புமுறையைக் கலப்பாக்கினேன். மாமா கதவருகே நின்று நோக்கினார். சற்றுநேரம் சக்கரங்கள் சுழன்றன. பின்னர், பத்து நாட்களுக்கு முன்னர்க் கட்டளையிட்டும் அச்சாகாது தேங்கிக் கிடந்த ரசீதுகள் ஒவ்வொன்றாக வெளிவரலாயின. அவர் ஒன்றும் கூறாமல் அவற்றை அடுக்கி எண்ணினார்; அதன்பின், புதிய பிரிண்டரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்று கேட்கக் கடைக்காரரின் எண்ணைத் தேடலானார்.