எடுத்தவரும் புதுக்கியவரும்

நார்த்தாமலையின் மேலமலைச் சரிவில் நிற்கும் விஜயாலய சோழீச்சுரத்துக் கல்வெட்டு இருவரின் பெயரைச் சொல்கிறது. கற்றளியை எடுத்தவர் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர். மழையில் அது சிதைந்தபோது புதுக்கியவர் மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன். கட்டியவருக்கு நிகராகக் காத்தவரையும் கல்லில் நிறுத்திய அந்த மரபின் வாரிசுகள் நாம். ஆனால் கண்டுபிடிப்புகளைக் கொண்டாடும் நம் காலம் பராமரிப்பை ஏனோ கணக்கில் எடுப்பதில்லை. மருத்துவமும் அதற்கு விலக்கல்ல.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான வயிற்றுவழி டயாலிசிஸின் கதையையே பார்க்கலாம். வயிற்றின் உட்சவ்வைச் சல்லடையாக்கி, திரவத்தை உள்ளே விட்டு, கழிவோடு வெளியே வடிக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் கேயார்க் கான்டர் 1923-இலேயே மனிதரிடம் முயன்றுவிட்டார். ஆனாலும் பல பத்தாண்டுகள் அது நிலைபெறவில்லை. திரவம் கிடைத்தது, அதைக் கொண்டுபோகும் குழாய்தான் அடைத்தது, கசிந்தது, கிருமிக்கு வழிவிட்டது. 1968-இல் ஹென்றி டென்காஃப் சிலிக்கோன் குழாயில் இரண்டு டாக்ரான் வளையங்களை வைத்தார். சதை அவற்றுக்குள் வளர்ந்து குழாயைப் பற்றிக்கொண்டது. அப்போதும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. நேராக வார்த்த குழாயை வளைத்துப் பொருத்தினால் அது தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். இடுப்புக்குழியில் கிடக்க வேண்டிய நுனி மேலே ஏறிவிடும். அதனால்தான் 1985-இல் ட்வார்டோவ்ஸ்கி குழுவினர் அன்னக்கழுத்துபோல வளைத்தே வார்த்த குழாயைக் கொண்டுவந்தனர். பொருளின் இயல்போடு மல்லுக்கட்டாமல் அதற்கு இணங்கிப் போவது நம் சிற்பிகளும் அறிந்த பாடம்தான்.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் டயாலிசிஸ் திரவப் பைகள் நோயாளியின் வீட்டுக்கே வருகின்றன. அதோடு குழாயைக் காக்கும் பணியும் வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே போன திரவம் ஒழுங்காக வடியவில்லை என்றால் நுனி இடம் மாறியிருக்கக்கூடும். எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும். குடலை மூடிய கொழுப்புத்திரை சுற்றிக்கொள்வதும் காரணமாகலாம். ஆனால் அடிக்கடி நேர்வது சாதாரண மலச்சிக்கல். மலம் நிறைந்த குடல் குழாயைத் தள்ளிவிடுகிறது. மருத்துவர் தரும் மலமிளக்கியில் குடல் சுத்தமானதும் குழாய் தானே தன் இடத்துக்குத் திரும்புவதும் உண்டு. நுனி இடம் மாறாதிருக்க, குழாயைப் பொருத்தும்போதே அறுவை மருத்துவர் உள்வளையத்தை வயிற்றுத் தசைக்குள் பதித்து, நுனியைக் கீழ்நோக்கிச் செலுத்துகிறார். புண் ஆறும் முதல் சில வாரங்கள் குழாயை இழுபடாமல் ஒட்டியோ பட்டையால் கட்டியோ வைப்பதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்காமல் இருப்பதும், முக்காமல் மலம் கழியப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தின் பொறுப்பு.

இவை பெருமையாகப் பேசப்படும் வேலைகள் அல்ல. ஆனாலும் சிகிச்சை நிலைப்பது இவற்றால்தான். பைகளையும் அறுவைச் சிகிச்சைகளையும் எண்ணும் அரசு, வீட்டாருக்குப் பொறுமையாகக் கற்றுத்தரும் செவிலியரின் நேரத்தையும் சிகிச்சையாகவே எண்ண வேண்டும். குழாய் இடம் மாறிய பிறகு செய்யும் இரண்டாவது அறுவையைவிட அந்த நேரம் மலிவு. நோயாளிக்கு வலியும் இல்லை.