பூஞ்சையின் கல்யாணமும் ஒரு குழந்தையின் ஆயுளும்



கொஞ்சம் நீளமான பதிவு. கல்லூரியில் சேர்க்கும் வயதில் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஒவ்வொரு வருடமும் என்னிடம் வரும் கேள்வி இது: "சார், பையன் பி.எஸ்சி. உயிர்வேதியியல்தான் படிப்பேன்னு நிக்கிறான். அதைப் படிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?" ஒரு வரியில் பதில் சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை. அதனால் நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது, அதில் புரதங்கள் இருக்கின்றன என்று படம் போட்டுப் பாகம் குறித்தது நினைவிருக்கும். சில புரதங்கள் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும். சில மேலோடு ஒட்டியிருக்கும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அந்தப் புரதம் சவ்வுக்குள் நுழையாது. அதனோடு சேர்ந்த ஒரு கொழுப்பு வால் மட்டும் சவ்வில் செருகிக்கொள்ளும். மாட்டைக் கயிறு போட்டு முளையில் கட்டுகிறோமே, அதே ஏற்பாடுதான்.

அந்தக் கயிற்றின் மதிப்பு அது இல்லாதபோதுதான் தெரியும். நம் சிவப்பணுக்களின் மேல் சிடி55, சிடி59 என்ற இரண்டு காவல் புரதங்கள் இப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன. கிருமிகளைத் துளைக்கும் நம் சொந்த எதிர்ப்புப் புரதங்கள் சிவப்பணுவையும் துளைத்துவிடாமல் தடுப்பது இவற்றின் வேலை. எலும்பு மஜ்ஜையின் மூல செல்லில் ஒரே ஒரு மரபணு பழுதானால் கயிறு தயாராகாது. காவல்காரன் திடமாகத்தான் இருக்கிறான், நிற்க இடமில்லை. சிவப்பணுக்கள் உடைகின்றன, காலையில் சிறுநீர் கறுத்து வருகிறது. அரிதான நோய், ஆனால் உயிருக்கு ஆபத்தானது.

இப்போது வேறொரு கயிறு. பெயர் பார்னசைல், 15 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்புத் துண்டு. 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சையின் இரு பால் செல்கள் ஒன்றையொன்று எப்படி அழைக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். அந்த அழைப்புப் பொருள் ஒரு சின்னஞ்சிறு புரதத் துண்டு. அதன் முனையில் பார்னசைல் ஒட்டியிருந்தது. பூஞ்சைக்குக் கல்யாணம் எப்படி நடந்தால் நமக்கென்ன என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், சொல்ல அவர்களிடம் பதில் இருந்திருக்காது.

1980களின் இறுதியில் அதே கயிறு நம் போன்ற விலங்குகளின் செல்லிலும் அகப்பட்டது. ராஸ் என்ற புரதம், 'செல்லே, பெருகு' என்று கட்டளையிடும் சுவிட்ச். பார்னசைல் கயிற்றால் சவ்வில் கட்டினால்தான் அது வேலை செய்யும். பல புற்றுநோய்களில் இந்த சுவிட்ச் அணையாமல் மாட்டிக்கொள்கிறது. கயிற்றைக் கட்டவிடாமல் தடுத்தால் புற்றுநோய் அடங்குமே என்று மருந்து நிறுவனங்கள் இறங்கின. லோனபார்னிப் என்ற மருந்து அப்படி வந்தது. எதிர்பார்த்தது நடக்கவில்லை. கே-ராஸ் என்ற முக்கிய வகைக்கு இந்தக் கயிறு கிடைக்காவிட்டால், செல் 20 கார்பன் கொண்ட வேறொரு கயிற்றை எடுத்துக் கட்டிவிடுகிறது! போட்ட பணமும் பட்ட பாடும் வீண் என்றுதான் தோன்றியது.

2003இல் புரோஜீரியா நோயின் காரணம் தெரிந்தது. சுமார் 40 லட்சம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வரும் நோய். பிறக்கும்போது சாதாரணமாக இருக்கும். ஓரிரு வயதில் வளர்ச்சி குன்றும், முடி கொட்டும், ரத்தக் குழாய்கள் கிழவருடையவை போல இறுகும். சிகிச்சை இல்லாவிட்டால் சராசரி ஆயுள் 14.5 ஆண்டுகள், பெரும்பாலும் மாரடைப்பு அல்லது பக்கவாதத்தில் முடியும்.

காரணம் லாமின்-ஏ என்ற புரதம். செல்லின் உட்கருவுக்கு உள்ளிருந்து வலை போலத் தாங்கு கொடுப்பது அது. முதலில் பார்னசைல் கயிறு போட்டு உட்கருச் சவ்வுக்குக் கொண்டுவரப்படும். பிறகு கயிறு கட்டிய முனையை ஒரு நொதி வெட்டி விடுவிக்கும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் 50 அமினோ அமிலங்கள் விடுபட்டு, வெட்ட வேண்டிய இடமே காணாமல் போகிறது. கயிறு அவிழாத புரதம் சவ்விலேயே தங்கி உட்கருவைக் கோணலாக்குகிறது.

கயிறு கட்டுவதைத் தடுக்கும் மருந்துதான் ஏற்கனவே அலமாரியில் இருக்கிறதே! புற்றுநோய் ஆய்வில் குழந்தைகளுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்து, அளவும் பக்கவிளைவும் குறித்து வைத்திருந்தார்கள். அதனால் காரணம் தெரிந்த நான்கே ஆண்டுகளில், 2007இல், பாஸ்டன் நகரில் சிகிச்சைப் பரிசோதனை தொடங்கியது. அதில் பங்கேற்றவர்களில் சாம் பெர்ன்ஸ் என்ற சிறுவனும் ஒருவன். அவனுடைய பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். இந்த நோய்க்கென்றே 1999இல் ஓர் ஆய்வு அறக்கட்டளை தொடங்கியவர்கள். சாம் 2014இல் 17 வயதில் இறந்தான். 2020 நவம்பரில் அமெரிக்க அரசு மருந்துக்கு ஒப்புதல் தந்தது. சிகிச்சை பெற்றவர்களின் ஆயுள் சராசரியாக 2.5 ஆண்டுகள் கூடியிருந்தது.

நோய் குணமாகவில்லை. இரண்டரை ஆண்டு பெரிதா என்றால், பதினான்கு வயதுப் பிள்ளையின் தாயைக் கேளுங்கள்.

"ஏழை நாட்டில் நேரடியாக நோய்க்கு மருந்து தேடலாமே, பூஞ்சைக்கு எதற்குச் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1978இல் புரோஜீரியாவுக்கு மருந்து தேடு என்று யாருக்கும் உத்தரவு போட்டிருக்க முடியாது. எங்கே தேடுவது என்பதே அன்று தெரியாது. பூஞ்சையில் பார்த்தவர், உட்கருவில் பார்த்தவர், புற்றுநோயில் தோற்றவர் எல்லோரும் எழுதிவைத்தது ஒன்று சேர்ந்தபோதுதான் வழி பிறந்தது.

அடிப்படை அறிவியல் படித்தால் உடனே நல்ல சம்பளம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை கிடைப்பது சிரமம்தான். வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் ஆசைப்பட்டுக் கேட்கும் பிள்ளையை, "நீட்டில் மார்க் வரவில்லை, அதனால் பி.எஸ்சி." என்று விருந்தாளிகள் முன்னால் அறிமுகப்படுத்தாதீர்கள். பிரயோஜனம் என்ன என்று பதினேழு வயதில் அதனிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

என் மாணவர்களில் ஆசிரியரானவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாவது வகைப் புரதத்தைப் பற்றி ஒரு குழந்தை கேட்டால், "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். படித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் சார்